விடு என்கிற பட்டன்

அந்த விஜயராஜ் பேரச் சொன்னாலே எனக்கு வாயில எச்சி ஊறுது, துப்புறதுக்கு. ஆனா நான் சொல்ல வந்தது அவன் கதை இல்ல. வெயிலுகந்தம்மா கதை. அவன் அதுல பேன் மாதிரி ஒட்டிக்கிட்டு வாரான், சீவித் தள்ள முடியல. அதனால அவனையும் சேத்துத்தான் சொல்லணும்.

என் பேரு கற்பகம். கோயில்பட்டியில ஒரு நூல் மில்லுல கோன்ல நூல் சுத்துதேன். மில்லு பேரு வேண்டாம், சொல்லி என்ன ஆகப்போகுது. வெயிலு அதே மில்லுல மிக்ஸிங் டிபார்ட்மெண்டுல இருந்தா. இப்ப எட்டயபுரம் ரோட்டுல, அவ வீட்டு வாசல்ல இட்லி அவிச்சு விக்கா. கொடத்தத் தூக்கிட்டு நாலு எட்டு வச்சா நின்னு மூச்சு வாங்குதா. ஆஸ்துமாக்காரின்னு தெருவுல பேரு. ஆஸ்துமாவும் இல்ல ஒண்ணும் இல்ல. அம்புட்டும் மில்லுப் பஞ்சு.

மிக்ஸிங்குன்னா என்னன்னு தெரியாதவியளுக்குச் சொல்லுதேன். பேல் பேலாக் கட்டி வார பஞ்ச ஒடச்சு ஒரு ரூம்புல பரத்திப் போட்டுருவானுவ. அதுல சாக்கு நூலு, கோழி எறகு, தலைமுடி, மிட்டாய்த் தாளு, எல்லாக் கருமமும் கெடக்கும். பொம்பளைய எல்லாரும் வட்டமா ஒக்காந்து அத ஒண்ணு ஒண்ணாப் பொறுக்கணும். ஜன்னலத் தொறந்தா பஞ்சு பறக்கும்னு தொறக்க விடமாட்டானுவ. வெளிநாட்டுலேருந்து யாராவது பாக்க வாரன்னைக்கு மட்டும் ஆளுக்கு ஒரு வெள்ள மாஸ்க்கு குடுப்பானுவ. வண்டி கேட்டத் தாண்டுனதும் திரும்ப வாங்கி எண்ணி வச்சிருவானுவ. மத்த நாளெல்லாம் அவளுவளே பழைய சேலைத்துணியக் கிழிச்சு மூக்கையும் வாயையும் சேத்துக் கட்டி, பின்மண்டையில முடிச்சுப் போட்டுக்கிடணும். பேரு என்னமோ வெயிலுகந்தம்மா. வெயிலே எட்டிப் பாக்காத ரூம்புல அவளக் கொண்டு போய் வச்சிருந்தானுவ.

வெயிலு பொறந்தது கரிசக்காட்டு ஊருதான். அவ அப்பன் மானாவாரியில பருத்தி போட்டு, மழைய நம்பி ஏமாந்து, திரும்பத் திரும்ப அதையே செஞ்ச மனுசன். அவ வயசுப் பிள்ளையெல்லாம் தீப்பெட்டி ஆபீசுக்குப் பெட்டி ஒட்டப் போகையில இவ மட்டும் அழுது பெரண்டு பத்தாவது வரைக்கும் படிச்சிட்டா. பாஸும் ஆயிட்டா. அதுக்கு மேல அந்த வீட்டுல வழியில்ல. சோலைமுத்துக்குக் கட்டிக் குடுத்தாவ. லாரியில லோடு ஏத்துற மனுசன், குடி கிடையாது, கை நீட்டுறது கிடையாது, பேச்சும் கிடையாது. ரெண்டு பொம்பளப் பிள்ளைய ஆனதும் இவ மில்லுக்கு வந்தா.

படிப்பு போனாலும் படிக்கிற கிறுக்கு அவள விட்டுப் போகல. சோப்பு ஒறையப் படிப்பா. பஸ்ஸுல சீட்டுக்குப் பின்னால எழுதியிருக்கத எழுத்து விடாமப் படிப்பா. கம்பெனி பஸ்ஸு கோயில்பட்டிக்குள்ள நொழையும்போது சுவத்துல ஒட்டியிருக்க நோட்டீசெல்லாம் வாசிச்சுக்கிட்டே வருவா, பக்கத்துல இருக்கவளுக்குத் தூக்கம் போயிரும். ஏட்டி, பரிச்சையா வச்சிருக்காவன்னு நாங்க கேலி பண்ணுவோம். அதுக்காக மெதப்பு கிடையாது. யாருக்கு எது படிச்சுக் காட்டணும்னாலும் அவகிட்டத்தான் போவாளுவ. மருந்துச் சீட்டு, பிள்ளையளுக்குப் பள்ளிக்கூடத்துல குடுத்த தாளு, எதுன்னாலும் சலிக்காம வாசிச்சுச் சொல்லுவா. எழுத்து பொய் சொல்லாதுன்னு அவளுக்கு ஒரு நம்பிக்கை.

மிக்ஸிங்குக்கு வந்து கொஞ்ச வருசத்துல நெஞ்சு புடிக்க ஆரம்பிச்சிருச்சு. வாராந்தர லீவு முடிஞ்சு வார மொத நாளுதான் ரொம்ப மோசம். நெஞ்சு மேல யாரோ ஒக்காந்திருக்க மாதிரி இருக்குங்கா. இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி டாக்டரம்மா நெஞ்சுல கொழல வச்சுப் பாத்துட்டு, மருந்தெல்லாம் அப்புறம், மொதல்ல நீ பஞ்ச விட்டு வெளிய வான்னு சொல்லிட்டாவ. வெளிய வந்தா சோறு யாரு போடுவா. வேலைய விட முடியாது, எடத்த மாத்தணும். மில்லுக்குள்ள பஞ்சு பறக்காத எடம் ஒண்ணே ஒண்ணுதான். டெஸ்டிங் லேப். ஏசி ரூம்பு, கண்ணாடிக் கதவு, நூல எடுத்து மிசின்ல மாட்டி நம்பரு பாக்குறது. அங்கன ஒரு எடம் காலியாகப் போகுதுன்னும், பத்தாவது பாஸ் பண்ணுன யாரும், பொம்பளையும் கூட, கேக்கலாம்னும் அப்பத்தான் பேச்சு வந்துச்சு. ஒரே கண்டிசன், கோயம்புத்தூர்லேருந்து வாத்தியார் வந்து ரெண்டு நாளு நடத்துற நூல் பரிசோதனை வகுப்ப முடிச்சிருக்கணும்.

அந்த வகுப்புல சேருறதுக்குத்தான் கம்ப்யூட்டர்.

ரெண்டாயிரத்து ஆறாம் வருசம். விஜயராஜுங்கவன் டிரெய்னிங் ஆபீசரா வந்து சேந்தான். வழிச்சுச் சீவுன தலை, சட்டைப் பையில ரெண்டு பேனா, பேச்சுக்குப் பேச்சு ‘நம்ம குடும்பம்’ம்பான். வந்துபோற நேரம் பதியுற டைம் ஆபீசுக்கு வெளிய ஒரு கம்ப்யூட்டர வச்சு, எல்லா ஷிப்ட்டையும் கூப்புட்டு ஒரு பிரசங்கம் வச்சான். இனிமே சிபாரிசு கிடையாதாம். யாரு காலையும் புடிக்க வேண்டாமாம். டோக்கன் நம்பர அடிச்சா என்னென்ன வகுப்பு, என்னைக்கு, எந்த வாத்தியார், எத்தன எடம் பாக்கி, எல்லாம் தெரியுமாம். வேணுங்கத நீங்களே பாத்து நீங்களே சேந்துக்கிடலாம். அதுவும் உங்களுக்காகத் தமிழ்லயே போட்டுருக்கோம்னு சொல்லிட்டு நின்னான், நாங்க கை தட்டணுமாம். தட்டுனோம். என் கைய ஒடச்சு அடுப்புல வைக்கணும்.

தமிழ்தான், இல்லைங்கல. பெங்களூர்ல எவனோ அகராதியப் பாத்து ஒத்த ஒத்தச் சொல்லா எழுதிப் போட்டது. வகுப்புப் பேருக்குப் பக்கத்துல மூணு பட்டன். மொதல்ல ‘பார்’. அத அமுக்குனா வகுப்போட வெவரம் வரும். அடுத்து ‘சேர்’. ‘சேர்’ அமுக்குனா ‘சேர்க்கப்பட்டது’ன்னு வந்து, அந்த பட்டன் மங்கிப் போயி மூணாவது பட்டன் பளிச்சுன்னு வரும். அதுல ‘விடு’ன்னு போட்டுருக்கும்.

இந்த எடத்த நல்லாக் கேட்டுக்கிடுங்க. மில்லுல ‘விடு’ன்னா என்னன்னு மில்லுல இருக்கவளுக்குத்தான் தெரியும். மேஸ்திரி விடாம நாங்க மிசினவிட்டு ஒரு அடி நவர முடியாது. ஒண்ணுக்குப் போகணும் அண்ணாச்சி, விடுங்க. பிள்ளைக்குக் காச்சல் அண்ணாச்சி, ஒரு மணி நேரம் முன்ன விடுங்க. கேட்டுல நேரங்கழிச்சு வந்துட்டா வாட்ச்மேன்கிட்ட, உள்ள விடுங்க. ஒரு நாளைக்கு அந்த வார்த்தைய எத்தன தடவ சொல்லுவோம்னு கணக்கே கிடையாது. வகுப்புல சேந்தாச்சு, இனி அந்த ரெண்டு நாளும் வேலையிலேருந்து வகுப்புக்கு விடணும்லா, அதுக்குத்தான் இந்த பட்டன்னு வெயிலு நெனச்சா. நானா இருந்தாலும் அப்படித்தான் நெனச்சிருப்பேன். அமுக்குனா. பச்சைக் கலர்ல டிக்கு விழுந்து, ‘விடப்பட்டது. நன்றி’ன்னு வந்துச்சு. வெயிலுக்குப் பல்லெல்லாம் தெரியுது. விட்டுட்டாவ கற்பகம், கையெடுத்துக் கும்புடாமலேயே விட்டுட்டாவன்னு ஓடி வந்து சொன்னா.

அவ மட்டும் அமுக்கியிருந்தாப் பரவாயில்ல. மிக்ஸிங்குல இருந்தவளுவளுக்கு எழுத்துக் கூட்டவே முக்கி முனகணும். வெயிலு படிச்சவ, அவளே அமுக்கட்டும்னு அம்புட்டுப் பேரும் டோக்கன் நம்பரச் சொல்லிட்டு நின்னாளுவ. ஒருத்திக்குத் தையல் வகுப்பு, ஒருத்திக்கு முதலுதவி, எனக்குத் தீயணைப்பு. எல்லாத்துக்கும் இவளே நின்னு ‘சேர்’ அமுக்கி, பொறுமையா ‘விடு’வும் அமுக்கிக் குடுத்தா. எல்லாத்துக்கும் நன்றி வந்துச்சு.

வகுப்பு நாளு வந்துச்சு. மாடியில வகுப்பு ஹாலு. வெயிலு தலைக்குக் குளிச்சு, கல்யாணத்துக்குக் கட்டுற சேலையக் கட்டி, புது நோட்டும் பேனாவுமா வாசப்படியில போயி நின்னா. உள்ள பேரு வாசிச்சாவ. இவ பேரு இல்ல. இவ கேட்டதுக்கு விஜயராஜ் வாசலுக்கு வந்து, உன் சீட்டு கேன்சல் ஆயிருக்கும்மா, அடுத்த தடவ கேர்ஃபுல்லாப் போடுன்னு சொல்லிட்டுக் கதவச் சாத்திட்டான். எப்படி கேன்சல் ஆச்சு, யாரு செஞ்சான்னு ஒரு வார்த்தை சொல்லல. அவ அப்படியே எறங்கி வந்து, அந்தச் சேலையோட பஞ்சு பொறுக்க ஒக்காந்தா. எங்க மத்த வகுப்புலயும் இதே கதைதான், ஒருத்தி பேரும் இல்ல.

எங்களுக்கு யாரு மேல சந்தேகம் வரும். மேஸ்திரி ராமசுப்பு அண்ணாச்சி மேலதான். விடுன்னு கேட்டதுக்கு இவருதான் விடமாட்டேன்னு அடிச்சு விட்டுருக்காருன்னு நான் போயி பிடி பிடின்னு பிடிச்சேன். பொம்பளைய லேப்புக்குப் போயிட்டா உமக்குப் பொறுக்கலையான்னு கேட்டேன். அந்த மனுசன் பேந்தப் பேந்த முழிக்காரு. எனக்கு அந்தக் கம்ப்யூட்டர்ப் பெட்டிய எப்படித் தொறக்குறதுன்னே தெரியாது தாயின்னு தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுதாரு. நான் நம்பல.

ரெண்டு மாசங் கழிச்சு அதே வகுப்பு மறுபடி வந்துச்சு. இந்தத் தடவ வெயிலு மேஸ்திரிகிட்ட முன்னாடியே போயி, விட்டுருங்க அண்ணாச்சின்னு கும்புட்டுக் கேட்டுட்டு வந்தா. அவரு தாராளமாப் போன்னு சொன்னாரு. கம்ப்யூட்டர்ல ‘பார்’ அமுக்கி ஒண்ணுக்கு ரெண்டு தடவ படிச்சா. ‘சேர்’ அமுக்குனா. ‘விடு’ அமுக்குனா. மறுபடியும் நன்றி. மறுபடியும் வாசப்படி, மறுபடியும் பேரு இல்ல. அந்த நாளெல்லாம் அவளுக்கு வீட்டுல ராத்திரி படுக்க முடியாது, ஒக்காந்தபடியே தூங்குவா. சோலைமுத்து முதுகத் தடவிக்கிட்டுப் பக்கத்துலயே இருப்பாராம். ஆபீசர் கால்ல வேணா நான் போயி விழட்டுமான்னு அந்தப் பேசாத மனுசன் கேட்டுருக்காரு. வேண்டாம், இதுல சிபாரிசே கிடையாதாம், நான்தான் எங்கயோ தப்புப் பண்ணுதேன்னு இவ சொல்லியிருக்கா.

மூணாவது தடவதான் குட்டு ஒடைஞ்சுச்சு. டைம் ஆபீசுல சுதாராணின்னு ஒரு பிள்ள, கம்ப்யூட்டர் ஆபரேட்டர். இவ பட்டன அமுக்கும்போது தற்செயலாப் பின்னால வந்து நின்னிருக்கு. ஐயோ அக்கா, சேந்துட்டு எதுக்கு விடுதீங்கன்னு கேட்டுச்சு.

“விடுன்னா, எனக்கு வகுப்பு வேண்டாம், விட்டுட்டேன்னு அர்த்தம்க்கா. நீங்களே உங்க பேர அடிச்சிட்டீங்க” ன்னு சொல்லுச்சு.

வெயிலு பட்டனையே பாத்தா. நான் வகுப்புக்கு விடுன்னுதான கேட்டேன்னா.  நான் அவ கையப் புடிச்சு இழுத்துக்கிட்டு நேரா விஜயராஜ் ரூம்புக்குப் போனேன்.

அவன் சிரிச்சான். சத்தியமாச் சிரிச்சான். நாங்க வெவரம் சொல்லச் சொல்ல, நாக்காலிய ஆட்டிக்கிட்டே, ஓ அப்படியா, நீங்க அப்படிப் புரிஞ்சிக்கிட்டீங்களா, இன்ட்ரஸ்டிங்குங்கான். சரி, தெரியாம நடந்து போச்சு, இந்தத் தடவயாவது சேத்துக்கிடுங்க சார்னு வெயிலு கேட்டா. முடியாதாம். மூணு தடவ வகுப்ப விட்டவுகள ஆர்வம் இல்லாதவுகன்னு சிஸ்டம் ஒரு வருசத்துக்குப் பூட்டிருமாம். பூட்டு பெங்களூர்ல இருக்காம், அவன் கையில ஒண்ணுமே இல்லையாம். கையில இல்லைன்னு ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டுதான், மோதிரம் பளபளன்னு மின்னுது.

ஆர்வம் இல்லையாம். கல்யாணச் சேலையக் கட்டிக்கிட்டு வாசப்படியில நின்னவளுக்கு ஆர்வம் இல்லையாம். 

அதுக்கு மேல ஒண்ணு இருக்கு. அத சுதாராணி பஸ் ஸ்டாப்புல வச்சு என்கிட்ட மெதுவாச் சொல்லுச்சு. பொம்பளைய எல்லாரும் சேந்த ஒடனே விடுதாவ, பட்டன் புரியல போலன்னு அது மொத மாசமே விஜயராஜ்கிட்டச் சொல்லியிருக்கு. அவன் என்ன சொன்னான் தெரியுமா, இருந்துட்டுப் போகட்டும், நீ உன் வேலையப் பாருன்னுருக்கான். ஏன்னா வெயிலு விடுற எடம் சும்மா கெடக்காது. காத்துக்கிட்டு இருக்கவன் பேரு தன்னால உள்ள போயிரும். அப்படிக் காத்துக்கிட்டு இருந்தது யாரு, பாண்டிராஜ், விஜயராஜ் பொண்டாட்டியோட தம்பி. சிபாரிசே கிடையாதுன்னு பீத்துனான்லா, ஆமா, கிடையாது. அதுக்குப் பதிலாத்தான் அந்த பட்டன்.

பாண்டிராஜ் மொத வகுப்புலயே வெயிலு எடத்துல ஒக்காந்து முடிச்சிட்டான். முடிச்சாங்கதும் பொய். காலையில கையெழுத்துப் போட்டுட்டு, வாத்தியார் போர்டுப் பக்கம் திரும்புன நேரம் பாத்துப் படத்துக்குப் போயிட்டான், சினிமாக் கதைய அவனே கேன்டீன்ல ஒக்காந்து சொன்னான். லேப்புல காலியான எடத்துல அவன்தான் இன்னைக்கு வரைக்கும் கண்ணாடிக் கதவுக்குள்ள ஒக்காந்து தூங்குதான். குளுருதுன்னு மப்ளரு வேற சுத்திக்கிடுதான். 

பட்டன் சங்கதி தெரிஞ்சதும் மிக்ஸிங்குல ஒரே ரகளை. விஜயராஜ ஒருத்தியும் ஒண்ணும் சொல்லல, பாத்துக்கிடுங்க. அம்புட்டுக் கோவமும் வெயிலு மேல. படிச்சவ படிச்சவன்னு உன்ன நம்புனோம், எங்க பேரையெல்லாம் நீதான அடிச்சன்னு ரெண்டு நாளு அவகூடப் பேசாம, சாப்புட ஒக்காரும்போது தள்ளி ஒக்காந்தாளுவ. அதையும் பாத்துட்டுத்தான் இருந்தேன். எனக்கு அவளுவ மேலயும் வெறுத்துப் போச்சு. வெயிலு எதுத்துப் பேசல. ஒவ்வொருத்திகிட்டயும் போயி, எழுதியிருந்ததத்தான்ட்டி படிச்சேன்னு சொல்லிப் பாத்தா. அதுக்கப்புறம் பஸ்ஸுல நோட்டீசு படிக்கிறத நிறுத்திட்டா. ஜன்னலோரம் ஒக்காந்தாலும் கண்ண மூடிக்கிடுவா.

வருசக் கடைசியில ஹெட் ஆபீசுலேருந்து ஒரு பெரியவர் ஒரு கேள்வி கேட்டு அனுப்பியிருக்காரு. நம்ம கம்பெனியோட மத்த மில்லுலயெல்லாம் பொம்பளைய வகுப்புக்குப் போறாவ, கோயில்பட்டியில மட்டும் ஏன் விடுதாவன்னு. ஒடனே நம்ம ஆளு முழிச்சுக்கிட்டான். ராத்திரி பகலா ஆராய்ச்சி பண்ணுனானாம். தொழிலாளர்களோட ஒக்காந்து பேசுனானாம். பேசிக் கண்டுபுடிச்சானாம், பட்டன்ல இருக்க வார்த்தை சரியில்லைன்னு. ‘விடு’வ எடுத்துட்டு ‘வேண்டாம்’னு போடச் சொல்லி பெங்களூருக்கு எழுதுனான். மாத்திட்டாவ. அடுத்த மாசமே வகுப்பு பூராவும் பொம்பளையளா நெறைஞ்சிருச்சு. அது நல்லதுதான், இல்லைங்கல. நானும் தீயணைப்புல சேந்து, தீயணைக்குற சிலிண்டர எப்படித் தொறக்குறதுன்னு படிச்சேன். ஆனா பூட்டு விழுந்தவ பூட்டு விழுந்தவதான்.

இதுக்காக அவனுக்குப் பாராட்டு விழா வச்சானுவ. பொம்பளப் பிள்ளைய முன்னேத்துன ஆபீசராம். பேதியில போவான்.

விழா அதே வகுப்பு ஹாலுல. அந்தப் பெரியவரு கோயம்புத்தூர் ஹெட் ஆபீசுலேருந்து கார்ல வாராரு. பொம்பளத் தொழிலாளி ஒருத்தி கையால விஜயராஜுக்குப் பொன்னாடை போத்தணும்னு ஏற்பாடு. யாரத் தேடிப் புடிச்சான்னு நெனைக்கிய, வெயிலுவத்தான். பட்டன் சங்கதியில மொத மொத வந்து சொன்னது அவதானாம், பேச்சுல அவ பேரச் சேத்துக்கிட்டா எடுப்பா இருக்குமாம். மிக்ஸிங் வாசலுக்கே வந்து, அவளத் தனியாக் கூப்புட்டுப் பேசிட்டுப் போனான். போனதும் அவ மூஞ்சித் துணிய எறக்கிவிட்டுக்கிட்டு என்கிட்ட வந்தா. 

“பழசயெல்லாம் மனசுல வைக்காம ஒரு சால்வையப் போத்துன்னான் கற்பகம். போத்துனா அன்னைக்குச் சாயந்தரமே என் பூட்ட எடுத்துருதேங்கான்” ன்னா.

எனக்கு மொதல்ல சந்தோசமாத்தான் இருந்துச்சு. சவத்த, போத்திட்டு வாட்டி, அடுத்து ஒரு எடம் காலியாகும்லான்னேன். 

“எடுக்க முடியும்லா, அப்ப” ன்னு கேட்டா. “அன்னைக்கே முடியும்லா.”

அன்னைக்கு அவன் பெங்களூருங்கான், கையில இல்லைங்கான், மோதிரக் கைய விரிச்சுக் காட்டுனான். இவ அதுக்கப்புறம் பாதி வருசம் அந்த ரூம்புல ஒக்காந்து பஞ்சத் தின்னுருக்கா.  அவ துணிய ஏத்திக் கட்டிக்கிட்டு உள்ள போயிட்டா.

விழா அன்னைக்கு அவ கல்யாணச் சேலையக் கட்டல. பஞ்சு ஒட்டுன வேலைச் சேலையோடயே வந்தா. மாடிப்படி ஏறும்போது ரெண்டு எடத்துல நின்னு மூச்சு வாங்குனா, நான் கையப் புடிச்சுக்கிட்டேன். ரெண்டு தடவ வாசப்படியோட திருப்பி அனுப்புன அந்த ஹாலுக்குள்ள, அன்னைக்குத்தான் அவள விட்டானுவ. உள்ள போயி சுத்திமுத்தும் பாத்தா. போர்டு இருந்துச்சு, வரிசையா நாக்காலி கெடந்துச்சு, நாலு ஃபேன் ஓடுச்சு. இம்புட்டுத்தானான்னு என்கிட்டக் கேட்டா.

மேடையில பெரியவரு, மேனேஜரு, நடுவுல விஜயராஜு. அவனே மைக்கப் புடிச்சு, அடித்தட்டுப் பொம்பளையளோட குரலக் கேட்டேன், ஒரு சொல்ல மாத்துனேன், ஓராயிரம் வாழ்க்கைய மாத்துனேன்னு பேசுதான். மில்லுல மொத்தமே ஓராயிரம் பேரு கிடையாது. மொத வரிசையில பாண்டிராஜ் மப்ளரோட ஒக்காந்து கை தட்டுதான். பொறவு இவ பேரச் சொல்லி மேடைக்குக் கூப்புட்டாவ. தட்டுல வச்சு ஒரு சால்வை குடுத்தாவ, நல்ல மெத்துனு, ஓரத்துல சரிகை. போட்டோக்காரன் கிட்ட வந்து குனிஞ்சு நிக்கான். விஜயராஜ் ரெண்டு கையையும் கூப்பி, கழுத்த நல்லா நீட்டிக் குனிஞ்சான்.

வெயிலு சால்வைய ஒதறி விரிச்சா. நீளவாக்குல ரெண்டா மடிச்சா, நாலா மடிச்சா. போட்டோக்காரன் இன்னும் கிட்ட வந்தான். அவ அத எடுத்துத் தன் மூக்கையும் வாயையும் சேத்து வச்சு, பின்மண்டைக்குக் கொண்டு போயி, மிக்ஸிங்குல கட்டுற மாதிரியே இறுக்கி ஒரு முடிச்சுப் போட்டா. சரிகை அவ கண்ணுக்குக் கீழ மின்னுது. ஹாலுல ஃபேன் ஓடுறதுதான் கேக்கு. விஜயராஜ் குனிஞ்ச கழுத்தோட அப்படியே நிக்கான், எப்ப நிமிரணும்னு அவனுக்குத் தெரியல.

பெரியவருதான் என்னம்மா இதுன்னு கேட்டாரு. மேடையில படி எறங்குற பக்கம் அவரு நாக்காலி கெடந்துச்சு, கால நீட்டி வழிய மறிச்சாப்புல ஒக்காந்திருந்தாரு. வெயிலு அவரு முன்னால போயி நின்னா. துணிக்குள்ளேருந்து பேசுனாலும் எங்க எல்லாத்துக்கும் கேட்டுச்சு.

“கீழ பஞ்சு பொறுக்காமக் கெடக்குங்கய்யா” ன்னா. “விடுங்க.”

அவரு கால மடக்கிக்கிட்டாரு.